அக்காவின் பெயரில் போன ரோசா

அக்கா கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். ஐந்து பேரில் மூத்தவர். அப்பா இளவயதிலேயே காலமாக, தட்டச்சு வேலைக்குப் போய் எங்கள் நால்வரையும் படிப்பித்தார். பிறகு எண்பத்துமூன்று கலவரத்தில், மற்றத் தமிழர் வீடுகளோடு எங்கள் வீட்டையும் எரித்தார்கள். அக்காவின் இந்த நினைவுக் குறிப்பில் "வீடு எரிந்தது" என்று எழுதச் சொன்னார் மச்சான். எழுத மாட்டேன். எரித்தார்கள்.

வெள்ளவத்தை மாடிவீட்டுக்கு வந்ததும் அக்கா முதலில் வாங்கியது ஒரு கிரிம்சன் குளோரி ரோசாக் கன்று. பழைய இனம். கறுப்போடிய சிவப்பு, படிக்கட்டு வரை வாசம். பூ பெரிது, காம்பு மெலிது. கடற்காற்றின் உப்பு இலையைக் கருக்கிவிடும் என்று தினமும் வேலைக்குப் போகுமுன் இலை இலையாகத் துடைப்பார். அதைப் பார்த்துச் சிரித்த உறவினர்களும் இதை வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

போர்க்காலத்தில் ஒருமுறை மலர்க் கண்காட்சிக்கு அந்தப் பூவைக் கொண்டுபோக அக்கா விரும்பினார். நகரத்தில் குண்டு வெடித்து ஒரு கிழமைதான். விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். கீழ்வீட்டு மாலினி சிங்களப் பெண்; அவரைக் கேட்டு அவருடைய பெயரைப் போட்டேன். தமிழ்ப் பெயரைக் கொடுக்க எனக்குப் பயம்.

அக்கா தாளைப் பார்த்தார்.

"உப்புத் துடைச்சது ஆர் தம்பி, மாலினியோ?"

"பிரச்சினை வரும் அக்கா."

"வரட்டும். என்ர பேரில போகாட்டி, பூ செடியிலயே காயட்டும்."

கிழித்துவிட்டு வேறு தாளில் தன் முழுப்பெயரை எழுதினார். பொட்டு வைத்துக்கொண்டு, பூவைச் சோடாப் போத்தலில் வைத்து பஸ் ஏறினார். மாலினி பக்கத்தில் இருந்தார். நான் இரண்டு சீற் பின்னால். சோதனைச் சாவடியில் போத்தல் தண்ணீரைக் கொட்டச் சொன்னார்கள். அக்கா கைலேஞ்சித் துணியை அதில் நனைத்துக் காம்பில் சுற்றிவிட்டுத்தான் கொட்டினார். மிச்சத் தூரமும் பூவின் தலை சரியாமல் கையில் ஏந்திக்கொண்டு போனார்.

இரண்டாம் பரிசு. முதற்பரிசுப் பூவையும் பார்த்தேன், எங்களுடையதுதான் திறம். ஆனால் மண்டபத்தில் அக்காவின் முழுப்பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள், சனம் கைதட்டியது. அதுவரை எங்கள் பெயர்களைச் சத்தமாக வாசித்தது, வீடு தேடி வந்து குடியிருப்போர் பதிவுத் தாளைச் சோதித்த பொலிஸ் மட்டும்தான்.

கடைசி மூன்று மாதமும் அக்கா படுக்கையில் இருந்தார். இரவு பகலாகப் பார்த்த மாலினிக்கும், பணம் பேசாமல் வந்துபோன வைத்தியருக்கும், தோள் கொடுத்த அயலவருக்கும் எங்கள் நன்றி.

ரோசாக் கன்று கேட்டவர்களுக்கு ஒட்டி வைத்திருக்கிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிய வந்து எடுங்கள். யாருடைய ரோசா என்று கேட்டால் அக்காவின் பெயரை முழுதாகச் சொல்ல வேண்டும். சொல்லப் பயந்தவன் எங்கள் குடும்பத்தில் ஒருவன் போதும்.