பட்டைக்காரி

இலையைக் கிள்ளும்போதே செடியிடம் "வலிக்குதா கண்ணு? அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு" என்பாள் எங்கள் வீட்டுக் கடைக்குட்டி. அடுத்த நிமிடமே அந்த இலையைச் சின்ன உரலில் போட்டுக் கூழாக்கிவிடுவாள்.

செடி ஆராய்ச்சிக்கு ஆன்டிபாடி செய்து விற்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. இலைக்குள் இருப்பவை ஆயிரக்கணக்கான புரதங்கள். அவற்றில் ஒன்றே ஒன்றைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்வதுதான் ஆன்டிபாடி. ஒட்டினால் கம்ப்யூட்டர் படத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழும். சாப்பாட்டு நேரத்திலும் வீட்டில் பட்டைப் பேச்சுத்தான். அதனால் நான் வைத்த பெயர் பட்டைக்காரி. கோபித்துக்கொள்வாள், கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பாள்.

ஆன்டிபாடி தேடும் அந்த ஒரு புரதத்தை மட்டும் உண்டாக்கவே முடியாதபடி செய்த செடி ஒன்றையும் கூடவே சோதிப்பாள். அங்கே பட்டை விழக் கூடாது. "இருக்கிற இடத்துல யாரு வேணா காட்டிருவாங்கண்ணே. இல்லாத இடத்துல வாயை மூடிக்கிட்டு இருக்குதா, அதான் பாக்கணும்." மற்றவர்கள் செய்த ஆன்டிபாடிகளை இந்தச் சோதனையில் ஈவிரக்கமில்லாமல் கழித்துக்கட்டியிருக்கிறாள்.

போன வாரம் அவளை அழைத்துவரப் போயிருந்தேன். அன்று சோதனையில் இருந்தது அவளே முதன்முதலாகச் செய்த ஆன்டிபாடி. மூன்று வருட உழைப்பு. தேறினால் விற்பனைக்குப் போகும். படம் வந்தது. புரதம் உள்ள செடிக்கு அழகான பட்டை. இல்லாத செடிக்கும், மெலிதாக, ஒன்று. மூன்றாம் தடவையாகச் சோதித்தும் அதே கதை.

மேனேஜர் குனிந்து பார்த்தார். "மெல்லிசாத்தானேம்மா இருக்கு? அந்த ஓரத்தை வெட்டிட்டுப் படத்தைப் போடு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. குரல் சுண்டவில்லை. "வாங்குறவங்க இதை நம்பி வருஷக்கணக்கா வேலை செய்வாங்க சார். அவங்களுக்குப் பட்டை நாமம் போடச் சொல்றீங்களா?"

"உன் உழைப்புதானேம்மா வீணாப்போகுது?"

"ஆமா சார். என்னோடதுதான்."

அந்தப் படத்தில் கறுப்பும் வெளுப்பும் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பெருமையில் நெஞ்சு விம்மியது. இவள் என் தங்கச்சி என்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொல்லியும் விட்டேன். "தெரியும் சார், ரெண்டு பேரு மூக்கும் சொல்லுதே" என்றாள்.

கடைக்குட்டி ஃப்ரீசரைத் திறந்து தன் ஆன்டிபாடிக் குழாய்கள் இருந்த பெட்டியை எடுத்தாள். "பெட்டியைப் பிடிண்ணே." பிடித்தேன். உருகியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து கழிவு வாளியில் கவிழ்த்தாள். கடைசிக் குழாயை மட்டும் திறக்கவில்லை. பேனாவை எடுத்து அதன்மேல் 'வாயாடி' என்று எழுதி, தன் மேசையில், கண்ணுக்கு நேர் எதிரே நிறுத்திவைத்தாள்.