பின்சீட்டு உள்ள பிக்கப்

சவுதியின் தம்மாமில் என் ஏசி வேலைக்குப் பெரிய பிக்கப் வண்டி பார்க்கப் போனபோது, நர்ஸான என் மனைவியும் வந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். சாமான் நிறைய ஏற்றலாம் என்று பின்சீட்டு இல்லாத வண்டியைக் காட்டினேன்.

"புள்ளைய எங்க உக்கார வைப்பீங்க?" என்று சிரித்தாள். பின்சீட்டு உள்ளதையே பதிவு செய்தோம்.

வண்டி வருமுன் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. வண்டி வந்துவிட்டதென்று ஷோரூமிலிருந்து அழைத்தார்கள்.

"மத்த வண்டியையே எடுத்துக்கட்டுமா?" என்று அவளிடம் தயங்கிக் கேட்டேன்.

"வேணாம். நாம பாத்ததையே எடுங்க."

வண்டியை எடுத்த அன்று கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். ஒரு சிக்னலில் என் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள். பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். என்னால் வண்டியை நகர்த்த முடியவில்லை.