மூன்று நிமிடச் சக்கரத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம்

ஆடி பிறப்பதற்குள் மகளுக்கு ஒரு இடம் பேசி முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் போன பயணம் இது. குடும்பத்தோடு கேளிக்கைப் பூங்காவுக்குப் போக நினைப்பவர்கள் படிக்கலாம். பெண் பார்க்கும் வேலையில் அலைபவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். பூங்காவின் பெயரை எழுத மாட்டேன். நாளைக்கு அவர்களும் என்னிடம் மோட்டார் வாங்க வரலாம்.

இப்போதெல்லாம் யாரும் எடுத்த எடுப்பில் வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பதில்லை. முதலில் பொது இடத்தில், தற்செயலாகச் சந்தித்ததுபோல, இரண்டு குடும்பமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். கோயிலுக்குப் போனால் நாலு சொந்தக்காரர்கள் எதிரில் வருகிறார்கள், மாலுக்குப் போனால் எட்டு பேர். தட்டிப்போனால் அன்று இரவே ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் பூங்கா என்று முடிவெடுத்தேன். தலைக்கு எண்ணூறு ரூபாய் கொடுத்துத் தண்ணீரில் நனைகிற ஆள் எங்கள் சொந்தத்தில் ஒருவர்கூடக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆனையூரில் வண்டியை எடுத்தோம். நான், மனைவி, மகள் நிவேதா. நாகமலை புதுக்கோட்டை வழியாகத் தேனி சாலையைப் பிடித்து, செக்கானூரணி தாண்டி மொத்தம் இருபத்தெட்டு கிலோமீட்டர். ஐம்பது நிமிடம் ஆனது. கார் நிறுத்த அறுபது ரூபாய். தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார்கள், உள்ளே அதே தண்ணீர் நாற்பது ரூபாய். செல்போன், பர்ஸ் வைக்க லாக்கர் வாடகை நூறு ரூபாய். ஒரு இரும்புப் பெட்டிக்கு நூறா என்று கேட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது தப்பு என்று மதியம் தெரிந்தது.

பையன் வீட்டார் வந்து காத்திருந்தார்கள். பையன் அருண், கோயம்புத்தூரில் நல்ல வேலை. அவனுடைய அப்பா, அம்மா. அப்பாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம் தோப்பும் அரிசி ஆலையும் உண்டு. "அப்பா கிழிச்ச கோட்டைத் தாண்டாத பையன்ணே" என்று தரகர் சோமு சொன்னபோதே எனக்குப் பிடித்துப்போனது. பார்த்த உடனே அந்த அப்பா "வாங்க சம்பந்தி" என்றார். பேச்சே தொடங்கவில்லை, அதற்குள் சம்பந்தி.

பிள்ளைகள் தனியாக இரண்டு வார்த்தை பேச வேண்டும் அல்லவா? அதற்கு நான் கண்டுபிடித்த வழி ராட்டினம். ஒரு சுற்று மூன்று நிமிடம். எல்லோர் கண்ணிலும் படும்படி இருப்பார்கள், பேசுவது யார் காதிலும் விழாது, நேரம் ஆனதும் அதுவே கொண்டுவந்து இறக்கிவிடும். சைக்கிளில் வாஷர் விற்றுத் தொடங்கி இன்று பம்ப்செட் கடை வைத்திருப்பவன் நான். எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். அம்மாக்கள் இருவரும் கீழே வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். நானும் பையனின் அப்பாவும் ஒரு பெட்டியில் ஏறினோம், பிள்ளைகள் எங்களுக்கு அடுத்த பெட்டியில்.

மணி பன்னிரண்டு பத்து. அவர்கள் பெட்டி உச்சிக்குப் போன நேரம் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். எனக்கு அது தெரிந்த சத்தம். கியர் பாக்ஸ் பல் போய்விட்டது. சக்கரம் நின்றது.

கீழே ஒரு பையன் மைக்கைப் பிடித்து, "ரெண்டே நிமிசம், யாரும் கதவத் தெறக்காதீங்க" என்றான். ரெண்டு நிமிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். உச்சி வெயில், தகரக் கூரை, குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கீழே நூறு பேர் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். யாருக்கும் தெரியக்கூடாது என்று இருபத்தெட்டு கிலோமீட்டர் வந்தவன் நான்.

மகளுக்குப் போன் போட்டேன். கட் செய்தாள். திரும்பப் போட்டேன், அதுவும் கட். என் எதிரில் இருந்த பையனின் அப்பா, அந்தப் பெரியவரின் போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அப்பா, நின்னுருச்சுப்பா. என்ன செய்யட்டும்?"

"ஒண்ணுஞ் செய்யாத. ஒக்காந்த எடத்துலயே ஒக்காரு."

ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும். "அப்பா, காத்து வருது, இந்தப் பக்கம் நகந்து ஒக்காருங்கன்னு அவங்க சொல்றாங்க. நகரவா?"

"நடுவுலயே இரு. பெட்டி சாஞ்சிரும்."

பெரியவர் என் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சொன்னார். "பாத்தீகளா சம்பந்தி? என்னையக் கேக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான்."

நான் மறுபடி மகளுக்குப் போட்டேன். மூன்றாவது தடவையும் கட். எரிச்சல் தலைக்கேறியது. அடுத்தவர் பிள்ளை அஞ்சு நிமிடத்துக்கு ஒரு தரம் கூப்பிடுகிறது, என் பிள்ளை எடுக்கக்கூட மாட்டேன் என்கிறது.

அரை மணி நேரம் போயிருக்கும், பெரியவர் போன் அடித்தது. இந்த முறை பையன் குரலைத் தாழ்த்தினான். ஸ்பீக்கர் தாழ்த்தவில்லை.

"அப்பா, கல்யாணத்துக்கப்பறம் வேலைய விடணுமான்னு கேக்குறாங்க. என்ன சொல்ல?"

பெரியவர் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்களே சொல்லுங்க சம்பந்தி, நம்ம வீட்டுக்கு என்ன கொறச்சல்? பேங்க் வேலைக்குப் போயி எம்புட்டுக் கொண்டாரப் போகுது?" பிறகு போனில், "பாத்துக்கலாம்னு சொல்லு. நம்ம வீட்டுக்கு வந்த பெறகு பேசிக்கலாம்" என்றார்.

அவள் அந்த வேலைக்கு எத்தனை பரீட்சை எழுதினாள் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். நல்ல இடமாயிற்றே என்று அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தேன். நாகமலை தூரத்தில் நீளமாகப் படுத்துக் கிடந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அழகான காட்சி என்று இங்கே எழுதியிருப்பேன்.

ஒன்றேகாலுக்குத் தீயணைப்பு வண்டி வந்தது. மோட்டாரைக் கழற்றிவிட்டு, சக்கரத்தில் கயிறு கட்டி, பத்துப் பதினைந்து பேர் இழுத்து ஒவ்வொரு பெட்டியாகக் கீழே கொண்டுவந்தார்கள். எங்கள் பெட்டி தரைக்கு வந்தது. கைக்கு எட்டுகிற தூரத்தில் மேடை. கதவைத் திறக்கவில்லை.

"தம்பி, தெறப்பா!"

"அண்ணே, ஒங்களுக்கு முந்துன பெட்டிய இப்பத்தான் எறக்குனோம். வரிசையா எறக்குனா ஒரு பக்கம் காலியாகி, மறுபக்கம் கனத்து சக்கரம் தானா ஓடிரும். ஒண்ணு விட்டு ஒண்ணுதான். அடுத்த சுத்துல எறக்கிருவோம்ணே."

"அடுத்த சுத்தா? நான் என்ன சாமி தேரா?"

இழுத்துவிட்டார்கள். நாங்கள் மறுபடி மேலே. அடுத்து பிள்ளைகள் பெட்டி மேடைக்கு வந்தது. கதவு திறந்தது. நிவேதா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குதித்து இறங்கினாள். பெரியவர் மடியில் போன் அடித்தது.

"அப்பா, எறங்கச் சொல்றாங்க. எறங்கவா?"

"நம்மள எறக்காம ஒன்னைய மட்டும் எப்பிடி எறக்குவான்? இதுல ஏதோ வம்பு இருக்கு. நான் வார வரைக்கும் இரு."

"சார், எறங்குங்க சார்" என்று மேடைக்காரன் கெஞ்சுகிறான். "அப்பா இருக்கச் சொல்றாங்க" என்று பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பின்னால் இன்னும் எட்டுப் பெட்டி ஆட்கள் கத்துகிறார்கள். மேடைக்காரன் தலையில் அடித்துக்கொண்டு கதவைச் சாத்தினான். நல்ல சம்பளம் வாங்குகிற, முப்பது வயதுப் பிள்ளை, தரைக்கு வந்த பிறகு தனியாக மேலே போனான். நான் மேலிருந்து பார்த்தேன். கீழே நின்ற என் மகளும் பார்த்தாள்.

நாங்கள் மூவரும் இறங்கியபோது மணி ஒன்று ஐம்பத்தைந்து. பெரியவர் டிக்கெட் கவுண்டரில் சண்டைக்குப் போய்விட்டார். டிக்கெட் எடுத்தது நான்.

திரும்பும் வழியில் நாகமலை புதுக்கோட்டையில் டீக்கு நிறுத்தினோம். போனை ஏன் எடுக்கவில்லை என்று ஆரம்பித்தேன்.

"எடுத்தா என்னப்பா சொல்லுவீங்க? பயப்படாதம்பீங்க. நான் பயப்படலயே" என்றாள். பிறகு, "அவரு நல்லவருதான்ப்பா. காத்து என் பக்கம் வரட்டும்னு குனிஞ்சே ஒக்காந்திருந்தாரு. ஆனா நான் இம்புட்டு நேரமும் பேசுனது அவரோட இல்ல, அவங்க அப்பாவோட."

மனைவி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தரகர் சோமு கூப்பிட்டார்.

"அண்ணே, அவங்களுக்குப் பூரண சம்மதம். நம்ம பக்கம் என்ன சொல்லட்டும்?"

பதில் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. போனை மகளிடம் நீட்டினேன்.

"சோமு மாமா, எங்களுக்குச் சரிப்படாது. அப்பாவும் பக்கத்துலதான் இருக்காரு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். வீடு போய்ச் சேருவதற்குள் நாங்கள் ராட்டினத்தில் மாட்டிக்கொண்ட படத்தைத் திருப்பூரிலிருந்து மச்சினன் எனக்கே அனுப்பிவிட்டான். கீழே, "மாமா, இது நீங்கதான?"

இனி, போகிறவர்களுக்கு. ஞாயிறு வேண்டாம், வார நாளில் கூட்டம் பாதிதான். சாப்பாடு நூற்றெண்பது ரூபாய், செக்கானூரணியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். ராட்டினம் ஏறுவதானால் பத்தரைக்கே ஏறுங்கள், வெயில் ஏறிய பிறகு அது அடுப்பு. ஏறுவதற்கு முன் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். நின்றுபோனால் ஆட்டாதீர்கள், கதவைத் தொடாதீர்கள். பக்கத்தில் வந்தும் இறக்காமல் போனால் கத்திப் பயனில்லை, மேடைக்காரன் சொன்ன கணக்கு சரியான கணக்கு.

பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்றுதான். அந்தச் சக்கரம் ஒழுங்காகச் சுற்றியிருந்தால் மூன்று நிமிடத்தில் இறங்கி, சிரித்து, நான் ஆவணியில் மண்டபம் பிடித்திருப்பேன். உங்களுக்கு அது பழுதாகிக் கொடுக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே பிள்ளைகளைப் பேச அனுப்புவதற்கு முன்னால், இரண்டு வீட்டு அப்பாக்களின் போனையும் வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுங்கள். வாடகை நூறு ரூபாய். பேரம் பேசாமல் கொடுக்கலாம்.