ஸ்ரௌவ்வில் போகும் வழியில் ஒரு கோப்பிக்கடை

சண்முகலிங்கத்துக்குக் கனடாவின் பிக்கரிங் நகரத் தமிழ்ச் சனம் வைத்த பட்டம் 'ஏன் அண்ணை'. ஆள் அப்படித்தான். ரயில் பிந்தினால் மற்றவர்கள் திட்டுவார்கள். இவர் ஏன் பிந்தியது என்று உத்தியோகத்தரை மறித்துக் கேட்டு, பனி உறைந்தால் தண்டவாளத்துக்கு என்ன நடக்கும் என்பதுவரை அறிந்துகொண்டுதான் ஏறுவார். "உந்த மனிசன் பசிச்சாலும் ஏன் பசிக்குது எண்டு கேட்டுப்போட்டுத்தான் சாப்பிடும்" என்பாள் மனைவி ஜெயமலர். அதில் பொய் அதிகம் இல்லை.

ரொறன்ரோ நடுநகரில் ஒரு உயரமான கட்டடத்தின் பராமரிப்புப் பகுதியில் அவருக்கு வேலை. ஒருநாள் மதியம் காலாற நடந்தபோது பழைய தேவாலயம் ஒன்றின் சுவரில் செப்புத் தகடு கண்ணில் பட்டது. அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து தப்பி வந்த கறுப்பின மக்கள் இந்தத் தெருவில் குடியிருந்தார்கள் என்று அதில் எழுதியிருந்தது. வேறு யாராவது என்றால் வாசித்துவிட்டுப் போயிருப்பார்கள். சண்முகலிங்கத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அமெரிக்காவின் வடபாதியில் அப்போதே அடிமைமுறை இல்லையே? அதையும் தாண்டி இந்தக் கொடும் குளிருக்குள் ஏன் வந்தார்கள்?

அன்றிலிருந்து அகப்பட்டவர் பஸ்ரியன். இருவருக்கும் ஒரே ஊர். கணினி வேலைக்காரர், பத்து வயது இளையவர், காலை ரயிலின் மேல்தட்டில் எத்தனையோ வருடங்களாகப் பக்கத்து இருக்கை. நல்ல பொறுமைசாலி.

"விடை பிடிச்சிட்டன், பஸ்ரியன்" என்று ஒரு காலை சண்முகலிங்கம் நூலகப் புத்தகத்தோடு வந்து குந்தினார். "தப்பி வந்த ஆளை வடக்கிலை வைச்சும் பிடிக்கலாமெண்டு ஒரு சட்டம் போட்டிருக்கிறாங்கள். பிடிக்கிறதுக்கு அங்கத்தைச் சனமும் உதவ வேணுமாம். அதுதான் எல்லை தாண்டி இஞ்சை வந்திருக்கினம். அதுவரைக்கும் எங்களுக்கென்ன எண்டு இருந்த வடக்குச் சனத்துக்கு, தங்கடை தெருவிலை ஆளைக் கட்டி இழுக்கேக்கைதான் சுட்டிருக்குது."

ஒரு விடை கிடைத்தால் பத்துக் கேள்வி குட்டி போடும். அமெரிக்க நாடு மேற்குப் பக்கமாக வளர்ந்துகொண்டு போனது. புதிதாக ஒரு நிலம் சேரும்போதெல்லாம் அங்கே அடிமை வைத்திருக்கலாமா, கூடாதா என்று பழைய சண்டை திரும்பவும் எழும்பியது. ஒருமுறை வரைபடத்தில் கோடு கிழித்துச் சமாளித்தார்கள். பிறகு பேரம் பேசினார்கள். பிறகு புது நிலம் ஒன்றில் வெட்டும் குத்தும் நடந்தது. கடைசியில் முழு நாடும் இரண்டாகி, சொந்தச் சனமே ஒன்றையொன்று சுட்டது.

"வீடு சின்னனா இருக்கேக்கை ஒருமாதிரிச் சமாளிக்கலாம்" என்று சண்முகலிங்கம் விளக்கம் சொன்னார். "அறை கூட்டக் கூட்டத்தான் ஆர் எங்கை படுக்கிறது எண்டு சண்டை வரும்."

"ஓம் அண்ணை" என்றார் பஸ்ரியன்.

பஸ்ரியனும் அப்போது ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் புதுவீடு வாங்கியிருந்தார். குடிபோனால் இந்த ரயில் இல்லை. சனிக்கிழமை புதுவீட்டில் மதியச் சாப்பாடு என்று சொல்லியுமிருந்தார். அந்தக் கிழமைதான் சண்முகலிங்கம் தன் ஆராய்ச்சியின் ஆகப் பெரிய புதினத்தோடு வந்தார்.

"கேளும் இந்தக் கூத்தை! அடிமை விசயத்தைப் பற்றி ஆர் மனுக் குடுத்தாலும் எடுத்துக் கதைக்கப்படாது எண்டு அவங்கடை பாராளுமன்றத்திலையே ஒரு விதி. கதைச்சாத்தானே சண்டை வருமாம்! முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைச்ச கதை. படிச்ச மனிசர் பஸ்ரியன், வருசக்கணக்கா அப்பிடி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாங்கள். ஏனெண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

பஸ்ரியன் யன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு விளங்கேல்லையோ அண்ணை?"

"இல்லையே."

"நீங்கள் எப்பவாவது என்ரை வீட்டிலை ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கிறீங்களோ?"

சண்முகலிங்கம் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். ஸ்காபரோ அப்பாட்மெண்டில் பஸ்ரியன் இருந்தபோது புருசனும் பெண்சாதியுமாகப் போயிருக்கிறார்கள். பிக்கரிங் வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். போன நேரமெல்லாம் இரண்டு பேர் கையிலும் கடையில் வாங்கிய கோப்பிக் கடதாசிக் கோப்பை இருந்தது. "இப்பத்தான் குடிச்சனாங்கள், ஒண்டும் வேண்டாம்" என்பாள் ஜெயமலர். கோப்பை முடிய எழும்பிவிடுவார்கள்.

"எங்கடை ஊரிலையும் சாதியாலை அடிமை குடிமை எண்டு இருந்ததுதானே" என்றார் பஸ்ரியன், குரலை உயர்த்தாமல். "நான் எந்தப் பக்கத்து ஆளெண்டு உங்களுக்குத் தெரியும். நீங்கள் கதைக்கிறேல்லை, நானும் கதைக்கிறேல்லை. ஆனா சனிக்கிழமை கோப்பியோடை வாறதெண்டால் வராதேங்கோ அண்ணை. இது நான் கடைசியா வாங்கிற வீடு."

ரயில் யூனியன் நிலையத்தில் நின்றது. பஸ்ரியன் இறங்கிச் சனத்துக்குள் போய்விட்டார்.

சண்முகலிங்கத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்துக்கு நடுவிலும் அந்தப் பாழாய்ப்போன புத்தி கேள்வி கேட்டது. தண்டவாளம் ஏன் இறுகுது என்று கேட்ட வாய், இத்தனை வருடமாக இந்தக் கோப்பி ஏன் என்று ஏன் கேட்கவில்லை? தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

சனிக்கிழமை ஜெயமலர் நல்ல சேலை உடுத்தி, பரிசுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு காரில் இருந்தாள். பஸ்ரியன் சொன்ன எதையும் அவர் அவளிடம் சொல்லவில்லை. கதைத்தால் சண்டை வரும் என்று பயம்! தான் கேட்டுச் சிரித்த அதே விதியை இரண்டு நாளாக வீட்டில் தானே கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரௌவ்வில் போகும் வழியில் கோப்பிக்கடை வந்தது. அவர் காரைத் திருப்பவில்லை.

"இஞ்சேருங்கோ, கடை போகுதப்பா!"

"ஏன் ஜெயம், பஸ்ரியன் வீட்டுக்குப் போகேக்கை மட்டும் உந்தக் கோப்பி?"

 அவள் முகம் சிவந்தது. "உதுகளை இப்ப ஏன் கதைக்கிறியள்? நான் ஒருக்காலெண்டாலும் அந்தப் பொடியனை ஒரு சொல்லுக் குறைவாச் சொன்னனானோ?"

"இல்லை. சொல்லேல்லை."

"அம்மா சொல்லித் தந்த வழக்கம். ஒருத்தரையும் நோகடிக்காமல் வேண்டாமெண்டு சொல்ல ஒரு வழி. அதுவும் நான் மட்டுமே? உங்கடை கையிலையும் ஒரு கோப்பி இருந்ததுதானே! ஆர் வாங்கிக் குடிச்சது அதை?"

 உண்மையில் பால் கூடுதலாகப் போடச் சொல்லி அவர்தான் வரிசையில் நின்று வாங்குவார்.

"அந்தாளுக்குத் தெரியும், ஜெயம்" என்றார் கடைசியில். "எல்லாம் தெரியும். கோப்பியோடை வாறதெண்டால் வர வேண்டாமாம்."

அவள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ரியனுக்குத் தெரியாது என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். "காரைத் திருப்புங்கோ" என்பாள் என்று சண்முகலிங்கம் காத்திருந்தார். இரண்டு பக்கமும் வயல், பிறகு ஒரே மாதிரிப் புதுவீடுகள்.  அவள் பரிசுப் பொதியின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே வந்தாள்.

மணியை அழுத்தினார்கள். பஸ்ரியன் கதவைத் திறந்தார். வாங்கோ என்று சொல்ல முதல் அவருடைய கண் அவர்கள் கைகளுக்குத்தான் போனது. சண்முகலிங்கத்தின் கை வெறுங்கை. ஜெயமலரின் கையில் பொதி மட்டும். ஒவ்வொரு வாசலிலும் முதலில் இந்தக் கைகளைத்தான் பார்த்திருக்கிறான் மனிசன் என்று அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது.

"அண்ணை, அக்கா" என்றார் பஸ்ரியன்.  "சாப்பாட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கு. தேத்தண்ணி போடட்டோ?"

அந்தக் கேள்வியை அவர் அவர்களிடம் இதற்குமுன் கேட்டதே இல்லை. கையிலிருந்த கோப்பி அதற்கு இடம் விட்டால்தானே.

சண்முகலிங்கம் வாயெடுக்க முதல் ஜெயமலர் பொதியைக் கணவன் கையில் திணித்துவிட்டுச் செருப்பைக் கழற்றத் தொடங்கினாள். குனிந்த தலை நிமிரவில்லை.

"போடுங்கோ தம்பி" என்றாள். "எனக்குச் சீனி குறைச்சு."