பதினெட்டு பதினொன்னு

ரத்த அழுத்தம் பார்க்கிறவளுக்கு மெஷினைவிடக் காதுதான் முக்கியம்; நானோ அந்த வேலையில் காது இல்லாமலே சேர்ந்தவள்.

காரைக்கால் பக்கத்தில் இதய நோயை வராமலே தடுப்பது எப்படி என்று ஓர் ஆய்வு. ஊர் ஊராகப் போய் பிரஷர் பார்க்க வேண்டும், யார் எவ்வளவு உப்பு தின்கிறார்கள் என்று எழுதிவர வேண்டும். டாக்டர் நான். கூட வந்த களப்பணியாளர் அம்பகரத்தூர்க் கலைச்செல்வி. எங்கள் சொத்து ஒரு ஸ்கூட்டி, ஒரு பை. கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய ஜென்மங்கள் யாராவது இதைப் படித்தால், நாய் துரத்தியதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு எண்ணைத் தப்பாகக் கேட்டு, ஒரு அம்மாவின் உயிரோடு விளையாடியவர்கள் உங்களில் அதிகம் பேர் இருக்க மாட்டீர்கள். அதற்குத்தான் வரப்போகிறேன். முதலில் கொஞ்சம் சிரித்துக்கொள்வோம்.

அஞ்சு நிமிஷம்

பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். விதி அப்படி. எழுதினவர் கருக்களாச்சேரிக்கு வந்ததில்லை போலிருக்கிறது. மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்த செல்லம்மாக்காவிடம், "பேசாம இருக்கணும்க்கா" என்று சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, மருமகள் கோபித்துக்கொண்டு போன கதை ஆரம்பமாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை வஞ்சிர மீன் விலை. மூன்றாவது தடவை கலைச்செல்வியே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அக்கா, பேசினா பிரஷர் ஏறும்!" என்று கத்தினேன். அந்தக் கத்தலில் என் பிரஷர்தான் ஏறியிருக்கும். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேசினா ஏறுதுங்கறே, பேசாம உள்ளயே அடக்கி வச்சா வெடிச்சிரும் தாயி!"

உப்பு

அதே வீட்டுக்கு அடுத்த மாதம் போனபோது வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. உப்பைப் பாதியாகக் குறைத்தால் இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று படம் காட்டி விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன் என்று இன்றும் நினைக்கிறேன். செல்லம்மாக்கா ஒரு கருவாட்டை எடுத்துத் தட்டிக்கொண்டே, "உப்பு இல்லேன்னா அதுக்குப் பேரு கருவாடு இல்ல டாக்டரு, பொணம்" என்றார்.

மரியாதை

உடம்பில் எவ்வளவு உப்பு சேருகிறது என்று தெரிய ஒரு நாள் முழுக்கக் கழிக்கும் சிறுநீரைப் பிடித்துத் தர வேண்டும். அதற்கு ஒரு பெரிய கேன் கொடுப்போம். அதை வாங்குகிறவர் முகத்தையும் கொடுக்கிறவள் முகத்தையும் அப்போது பார்க்கக் கூடாது. அம்பகரத்தூரில் நெல் சாகுபடி செய்யும் பக்கிரிசாமி மட்டும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, மறுநாள் கழுத்துவரை நிரம்பிய கேனைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது, "இவரு உப்பே சாப்பிட மாட்டாரா?" என்று.

கலைச்செல்விக்குத் தலைகால் புரியவில்லை. அவள் ஊர்க்காரர் அல்லவா! ஊரே இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வாழைப்பழச் சீப்போடு வாழ்த்தக் கிளம்பிவிட்டாள். மனிதர் நெளிந்தார். பழத்தை வாங்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அரை கேன்தாங்க ஆச்சு. கொறையாக் குடுத்தா மரியாதையா இருக்காதேன்னு போர்த்தண்ணி ஊத்தி ரொப்பிட்டேன்."

தான்சியோன்

காரைக்கால் டவுனில் முசே அந்துவான் வீடு; முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். பேசுவதெல்லாம் நம் ஊர்த் தமிழ்தான். பென்ஷன் காகிதமும் வியாதியும் வந்தால் மட்டும் வாய் பிரெஞ்சுக்குத் தாவிவிடும். என்னைத் 'தோக்தேர்' என்றுதான் கூப்பிடுவார். முதல் நாளே மனைவியைக் காட்டி, "ரோசலிக்குத் தான்சியோன் ஜாஸ்தி தோக்தேர்" என்றார். ரோசலி அம்மாவோ உலகத்தில் ஒரு கவலையும் இல்லாதவர் மாதிரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் குறிப்பில், 'டென்ஷன் பேர்வழி, கணவர் புகார்' என்று எழுதினேன்.

பட்டையைக் கட்டிப் பார்த்தால் நூற்று அறுபது. பிரெஞ்சில் தான்சியோன் என்றாலே பிரஷர்தான் என்று அப்புறம்தான் சொன்னார். சொல்லிவிட்டு ரெண்டு எண்ணை முணுமுணுத்து, வீட்டு மெஷினில் அவ்வப்போது பார்த்து எழுதும் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்திருக்கலாம். ரோசலி அம்மாவின் மாத்திரை பிரான்ஸிலிருந்து மகள் அனுப்புவது. தீர்ந்துபோனால் இங்கே வாங்க மாட்டார், மகளிடமிருந்து வரும்வரை காத்திருப்பார். அது கூடவே கூடாது என்று மிரட்டிவிட்டு, "அடுத்த தடவை எப்போ வரணும்னு தேதியைப் போன்ல சொல்லுங்க" என்று எழுந்தேன். வாசல்வரை வந்த ரோசலி அம்மா என் குறிப்பைப் படித்துவிட்டிருந்தார். "எனக்கு இருக்கறது தான்சியோன்மா. டென்ஷன் இதோ நிக்கிறாரே, இவரு."

பதிமூணாவது மாசம்

அக்டோபர் முதல் வாரம். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் போன் வந்தது. "தோக்தேர், பதினெட்டு பதினொன்னு. வந்து பாருங்க." பதினொன்று என்றால் நவம்பர். இவ்வளவு தள்ளியா, மகள் வருகிறாள் போல என்று நினைத்துக்கொண்டு, "சரி முசே, குறிச்சுக்கிட்டேன், கண்டிப்பா வர்றேன்" என்றேன். டைரியில் நவம்பர் பதினெட்டில் கட்டம் போட்டு 'ரோசலி அம்மா' என்று அழகாக எழுதினேன்.

மூன்று நாள் கழித்து மறுபடி போன். "தோக்தேர், பத்தொன்பது பதிமூணு. எப்போதான் வருவீங்க?" எனக்கு எரிச்சல். "முதல்ல பதினெட்டுன்னீங்க, இப்போ பத்தொன்பதுங்கறீங்க. அது போகட்டும், பதிமூணாவது மாசம் ஏது முசே?"

அந்தப் பக்கம் நோட்டுப் புரளும் சத்தம். பிறகு, "மாசமா? தான்சியோன் தோக்தேர், தான்சியோன்! வலது கை மரத்துப்போச்சுங்கறா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் பிரஷரில் கடைசி சைபரைக் கழற்றிவிட்டுச் சொல்வார்கள். பதினெட்டு பதினொன்னு என்றால் நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து. அதைத்தான் அந்த மனிதர் மூன்று நாளைக்கு முன்னால் சொன்னார். பிரஷரை ஆராய்ச்சி செய்கிற மகாராணி நான், அதைத் தேதியாக்கி டைரியில் எழுதிவைத்தேன்! கலைச்செல்வி ஸ்கூட்டியை எப்படி ஓட்டினாள் என்று எனக்குத் தெரியாது. ஆட்டோ பிடித்து, ரோசலி அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தோம். வாய் கோணியிருந்தது, பேச்சு குழறியது. மகளிடமிருந்து வர வேண்டிய மாத்திரை வந்துசேரவில்லை, நிறுத்திப் பத்து நாளாம். இவ்வளவு முடியாமல் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்கு ஏன் முசே போகவில்லை என்று ஆட்டோவிலேயே கத்தினேன். அவர் மனைவியின் கையைத் தேய்த்துக்கொண்டே, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல் சொன்னார்: "நீங்கதான் கண்டிப்பா வர்றேன்னீங்களே. வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன்."

நவம்பர் பதினெட்டு

பிழைத்துக்கொண்டார். பேச்சு திரும்பியது. வலது கைதான் பழையபடி பிடிக்கவில்லை, கீரை உருவ முடியவில்லை. மூன்று நாள் முன்னால் போயிருந்தால் அந்தக் கை இருந்திருக்கும். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். மனசு கேட்காமல் டைரியைக் கொண்டுபோய்ப் படுக்கையிலேயே காட்டி அழுதேன். ரோசலி அம்மா அந்தக் கட்டத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு பாதி வாயால் சிரித்தார். "தேதிதான் குறிச்சாச்சே, அன்னைக்கு வந்துரு. மீன் குழம்பு வைக்கச் சொல்றேன். உப்பு உன் இஷ்டம்."

போனேன். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் போனேன். ஆய்வு முடிந்து அறிக்கை அச்சாகி, கலைச்செல்வி வேறு வேலைக்குப் போய், ஸ்கூட்டியை விற்ற பிறகும் நவம்பர் பதினெட்டு மட்டும் நிற்கவில்லை. இப்போது அவர்கள் பிரான்ஸில் மகளோடு இருக்கிறார்கள். அந்தப் பூட்டிய வீட்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்குக் கீரை வாசனை அடிக்கிறது. 

போன நவம்பர் பதினெட்டு அன்று போன். ரோசலி அம்மாவே பேசினார். "பன்னண்டு எட்டு" என்றார், எடுத்த எடுப்பிலேயே. நூற்றிருபதுக்கு எண்பது! சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, "ஆகஸ்ட் பன்னண்டா? அன்னைக்கு எனக்கு வேலை இருக்கேம்மா" என்றேன். "வேலையைத் தூக்கி அந்தாண்ட போடு. அஞ்சு நிமிஷம் வாயைத் தொறக்காம இருந்து, பட்டையை நானே கட்டிப் பார்த்தேன், இந்த வலது கையால!"

எத்தனையோ பேர் கையில் பட்டை கட்டி அழுத்தம் அளந்தவள் நான், ஆனால் எனக்குக் காது கொடுத்தது எந்தக் காலண்டரிலும் இல்லாத அந்தப் பதிமூணாவது மாசம்தான்.