கொடைக்கானலில் நான் அள்ளிய காய்ந்த புல்

தீபாவளி சீசன் முடிந்து, நான் காவல் பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் ஆர்டர் குறைந்த மார்கழியில், தாயில்பட்டியிலிருந்து கொடைக்கானலுக்குப் போனேன். என் மகள் செல்வி அங்கே புல் நாற்று வளர்க்கிறாள். தானாக முளைக்கிற புல்லை எதற்கு வளர்க்க வேண்டும் என்று பார்க்கத்தான் போனேன். எனக்கு எழுத்து தெரியாது. போனில் நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள்.

விடியற்காலையில் சிவகாசியில் பஸ் ஏறி, மதுரையில் மாறினேன். அங்கிருந்து சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். கடைசிப் பாதி முழுக்க வளைவுகள்.

"பெருசு, குளிருக்குச் சொட்டர் கொண்டாரலையா?" என்றார் கண்டக்டர்.

"சிவகாசி வெயில்ல வெந்த ஒடம்புய்யா இது."

"மேல வாங்க, அவிச்சது ஆறிப்போகும்."

அந்நிய மரங்களை வெட்டிய சரிவில் பழைய புல்வெளியைத் திரும்பக் கொண்டுவருவது செல்வியின் வேலை. பாத்தியில் ஒரே புல்லின் நாற்றுகள்தான். ஒரு பாதி, உறைபனி தேங்கும் பள்ளத்தில் எடுத்த விதை. மறுபாதி, மேட்டில் எடுத்தது. இந்தக் குளிரைத் தாண்டினால் நடலாம். செத்தால், விதைக்கு இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் அவள் சரிவுப் பக்கம் போயிருந்தாள். நாற்றுகளை மூடியபடி காய்ந்த புல் கிடந்தது. எங்கள் ஊரில் வெடிமருந்து அறைப் பக்கம் அப்படிக் கிடந்தால் யார் கையும் சும்மா இருக்காது. பாத்தியின் ஒரு ஓரம் தவிர எல்லாவற்றையும் அள்ளிப் பக்கத்தில் இருந்த ஒரு குழியில் போட்டு, தண்ணீரும் ஊற்றிவிட்டேன்.

"என்னப்பா செஞ்சீக!"

"காஞ்ச புல்லு தாயி. ஒரு பொறி விழுந்தா?"

"இங்கன பொறியா விழுது? பனியில்ல விழும்! அதுதான் அதுகளுக்குப் போர்வை."

பாத்தியை மூட, இருந்த நாலு சாக்கு போதவில்லை. காலையில் பாத்தி உப்புக் கொட்டியது போல் வெளுத்திருந்தது. வெயில் ஏறியதும், உயரமாக நின்ற மேட்டு நாற்றுகள் அவித்த கீரையாகத் துவண்டன. நான் கைவைக்காத ஓரத்தில் மட்டும் அவை பிழைத்திருந்தன. பள்ளத்து நாற்றுகளோ குட்டையாக, சிவந்து, தரையோடு ஒட்டியபடி அப்படியே இருந்தன. செல்வி ஒன்றைத் தோண்டிக் காட்டினாள். இலையைவிட வேர் நீளம்.

"ஒரே புல்லுதானம்மா?"

"ஒரே புல்லுதான். பொறந்த எடம் வேற." தோண்டியதைத் திரும்ப மண்ணில் வைத்து அமுக்கினாள். "மேட்டு நாத்து போச்சு. அடுத்த வருசம் வெத பொறுக்க நீங்களும் வரணும், பாத்துக்கோங்க."

போகிறவர்களுக்கு: உறைபனி பார்க்க மார்கழி, தை நல்லது. சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுங்கள். கண்டக்டர் பேச்சைக் கேட்டு சொட்டர் கொண்டுபோங்கள். புல்வெளியில் காய்ந்து கிடப்பதை மிதிக்காதீர்கள், அள்ளாதீர்கள்.

ஊருக்கு வந்தால், நான் இல்லாத நாட்களில் மருந்து அறையைச் சுற்றிப் புல் காய்ந்து நின்றது. அன்றைக்கே அறுத்தேன். அறுப்பதற்கு முன்னால் விலக்கி, அடியில் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்த்தேன்.