ஒத்தமர மலையில் என் கைக்குட்டை

நல்லதண்ணிக்குப் போகும்போதெல்லாம், உச்சியில் ஒற்றை மரத்தோடு பஸ் ஜன்னலில் தெரிகிற அந்த மலைமேல் எனக்கு ஒரு கண். சிவனொளிபாத மலையேற நல்லதண்ணிக்குப் போகிற கூட்டத்தில் ஒருவரும் அங்கே இறங்குவதில்லை. ஹட்டனில் நான்கு வருடம் படிப்பித்த எனக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்தது. இனி எப்போது என்று, 2005 பெப்ரவரியில் ஒரு ஞாயிறு கிளம்பிவிட்டேன்.

காலை 6.40 பஸ், 24 ரூபாய், ஐம்பது நிமிடம். தோட்டச் சந்தியில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தால் தொழிலாளர் குடியிருக்கும் லயம். அங்கே வழி கேட்டபோது, விறகுக்குப் புறப்பட்ட பார்வதியக்கா தன்னோடு வரச் சொன்னார். கொழுந்து பறிப்பவர், ஞாயிறு ஓய்வு. தேயிலைக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் ஏற்றம். அவருக்கு மூச்சு வாங்கவில்லை, எனக்கு வாங்கியதைச் சொல்லி மாளாது.

உச்சிக்குச் சற்றுக் கீழே அவர் சுள்ளி பொறுக்க நின்றுவிட்டார். மரத்தடியில் ஒரு சூலம், கிளையில் நான்கைந்து கந்தல் துணிகள். நேற்றைய பூவை அகற்றிவிட்டுத்தான் எங்கள் வீட்டில் விளக்கேற்றுவோம். அந்தப் பழக்கத்தில்தான் கை வைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், நான் எடுக்க நினைத்த புகைப்படத்துக்கு இடைஞ்சலாக இருந்தது. ஒரு துணியை அவிழ்த்தேன். நைந்து கையோடு வந்தது.

ஏறி வந்த அக்கா விறகைக் கீழே போட்டார்.

"எம்புள்ள குவைத்துல வீட்டு வேலைக்குப் போயிருக்கு, சேர். கடை ஃபோனுக்குப் பேசும். எட்டு மாசமா சத்தமே இல்ல. அதுக்காக நேந்து நான் கட்டுன துணி இது. அது திரும்பி வந்து, அது கையாலதான் இத அவுக்கணும்."

"நான் குப்பை எண்டு நினைச்சிட்டன், அக்கா," என்றேன்.

அவர் திட்டவில்லை. அவிழ்த்த கையாலேயே கட்டிவிடச் சொன்னார். நீலக்கட்டம் போட்ட என் கைக்குட்டையைக் கட்டினேன். நேர்த்தியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இரண்டு முடிச்சுப் போட்டேன்.

விறகோடு இறங்கினோம். லயத்தில் பால் விடாத தேநீர், சாயத்தண்ணி கொடுத்தார். விடைபெறும்போது ஒன்றே ஒன்று கேட்டார்:

"நல்லா இறுக்கித்தானே கட்டினீங்க?"

போகிறவர்களுக்கு: காலில் அட்டை ஏறாமலிருக்க உப்பும் சவர்க்காரக் கட்டியும் கொண்டுபோங்கள். பத்து மணிக்குமேல் மூடுபனி இறங்கிவிடும். மேலே தண்ணீர் இல்லை. மரத்தில் எதையும் தொடாதீர்கள். அந்தக் கிளையில் நீலக்கட்டக் கைக்குட்டை இல்லையென்றால், லயத்தில் பார்வதியக்காவின் மகள் வந்துவிட்டாளா என்று கேட்டு, எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.